கழுத்தில் இருந்தது அழுக்கு இல்லை

போன வருஷம் என் மகள் மூன்றாம் ஆண்டு, ஒன்பது வயது. நீலப் பினஃபோர் ஆறே மாதத்தில் இடுப்பில் பிடித்தது. "வயசுக்கு வரப்போற உடம்பு, பூசினாப்லதான் இருக்கும். நீ கண்ணு வைக்காத" என்றார் மாமியார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

உறுத்தியது கழுத்துதான். பின்பக்கம் கறுப்பாக ஒரு பட்டை. அழுக்கு என்று நினைத்துக் கடலை மாவு போட்டு நாரால் தேய்த்தேன். தோல் சிவந்ததே தவிர கறுப்பு போகவில்லை. "அது அழுக்கு இல்லம்மா, வலிக்குது" என்று அவள் அழுதது இன்னும் காதில் நிற்கிறது.

சுங்கை சிப்புட் அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டிக் காட்டினோம். 41 கிலோ, 135 சென்டிமீட்டர். மிஸ்ஸி (தாதி) எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, உடல் எடைக் குறியீடு (BMI) 22.5 என்றார். பெரியவர்களுக்கு அது பரவாயில்லையாம். பிள்ளைகளுக்கு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டுமாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டையில் அவள் புள்ளி உடல் பருமன் கோட்டைத் தாண்டி விழுந்தது.

டாக்டர் கழுத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடம்பு அதை இன்னும் அதிகமாகச் சுரக்கும், அதனால் தோல் தடித்துக் கறுக்கும், தேய்த்தால் போகாது என்றார். இரண்டு பக்கக் குடும்பத்திலும் இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பதால் எனக்குக் கை நடுங்கியது. நல்லவேளை, ரத்தத்தில் சீனி சரியாக இருந்தது. பருவத்துக்கு முன் பெண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சதை போடுவது இயல்புதான் என்று அவரும் சொன்னார். மாமியார் சொன்னதில் பாதி சரி. ஆனால் இந்தக் கறுப்பு அந்த இயல்பில் சேராது.

எடையைக் குறைக்கச் சொல்லவில்லை. "ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உயரம் வந்து ஈடுகட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் மைலோ, ஒவ்வொன்றிலும் குவித்து இரண்டு கரண்டி டின் பால். அதில் இரண்டு டம்ளர் பாட்டி வீட்டில். மாமியார் இருட்டில் வெறும் வரக்காப்பியோடு தோட்டத்துப் பெரட்டுக்கு (ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு)ப் போய்ப் பால்மரம் வெட்டியவர். பேத்தி டம்ளரில் டின் பால் கெட்டியாக விழ வேண்டும் என்பது அவர் பாசம். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தடவை அவரையே கிளினிக்குக் கூட்டிப்போனேன். மிஸ்ஸி பேசப் பேசத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டவர், மறுநாளே மோர் கலக்க ஆரம்பித்துவிட்டார். சாயந்திரம் இருவரும் மாரியம்மன் கோயில் வரை நடந்து வருகிறார்கள்.

இப்போது 141 சென்டிமீட்டர், 42.5 கிலோ. கழுத்துக் கறுப்பு பாதி வெளுத்திருக்கிறது.

ஓர் அப்பாவின் பதில்

பத்து வயது மகனைச் சித்தப்பாக்கள் "பூசணி" என்று கூப்பிட்டார்கள், நானும் சிரித்தேன். இரவுச் சோற்றை நிறுத்தியதும் நான்தான். அவன் காலையிலும் சாப்பிடாமல் போய்ப் பள்ளித் திடலில் மயங்கி விழுந்தான். வளரும் பிள்ளையைப் பட்டினி போடலாமா என்று டாக்டர் என்னைத்தான் கடிந்துகொண்டார். இப்போது எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், சாயந்திரம் பூப்பந்து ஆடுகிறான். அந்தப் பட்டப்பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று தம்பிகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இன்னோர் அம்மாவின் பதில்

என் மகளுக்கு ஏழு வயதிலேயே மார்பு தெரிந்தது. குண்டுப் பிள்ளை, சதைதான் என்று மூன்று மாதம் விட்டுவிட்டேன். குளிப்பாட்டும்போது தொட்டால் காம்புக்கு அடியில் சின்னக் காசு மாதிரி கட்டியாக இருந்தது. சதை மெத்தென்றுதானே இருக்கும்? பெண்பிள்ளைக்கு எட்டு வயதுக்கு முன் இது வந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லி ஈப்போ ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்த்தார்கள். அது அவள் வயதைவிட முன்னே போயிருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். போய்வந்து எழுதுகிறேன்.