தங்கச்சிமடம் வீட்டுக் குழு: விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு

நான் (காலை 7.10): அண்ணே, நேற்று இரவு மின்சாரம் போனபோது மடிக்கணினி பேட்டரி தீரும் வரை ஓடித் தானாக அணைந்தது. இப்போது சார்ஜரைச் செருகி இயக்கினால் விசிறி சுற்றுகிறது, பொத்தான் விளக்கும் எரிகிறது, ஆனால் திரை கறுப்பாகவே நிற்கிறது. மல்லிகை நாற்று ஆர்டர் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

அத்தை (7.14): அது செத்துவிட்டது போலிருக்கிறது. கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளாம் பயாஸ், அதைப் பென்டிரைவில் இறக்கி மறுபடி எழுதினால் உயிர் வரும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார், மருமகளே.

தாத்தா (7.15): விசிறி சுற்றுகிறது என்று பிள்ளை எழுதியிருக்கிறாள். சுற்றுவதைச் செத்தது என்று எழுதக் கூடாது.

அண்ணன் (7.21): தாத்தா சொல்வது சரி. அத்தை, பயாஸை ரீசெட் செய்வது வேறு, புதிதாக எழுதுவது வேறு. ரீசெட் என்பது அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது மட்டும்; எழுதும்போது நடுவில் மின்சாரம் போனால், நம் ஊரில் போகாமல் இருக்காது, கணினி தொடங்கவே தெரியாத நிலைக்குப் போய்விடும். பயாஸ் உண்மையிலேயே கெட்டிருந்தால் அதை மீட்கச் சில கணினிகளில் தனி வழியும் உண்டு. எச்பியின் பல மாடல்களில் விண்டோஸ், பி ஆகிய இரண்டு விசைகளை அழுத்திப் பிடித்து இயக்க வேண்டும். டெல்லின் பல மாடல்களில் கண்ட்ரோலையும் எஸ்கேப்பையும் பிடித்துக்கொண்டு சார்ஜரைச் செருக வேண்டும். நம்முடையது இரண்டும் இல்லை. தங்கச்சி, முதலில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பார், விளக்கு மாறுகிறதா? அறையை இருட்டாக்கி டார்ச்சைத் திரையின்மேல் சாய்த்து அடித்து, மங்கலாகவாவது படம் தெரிகிறதா என்றும் பார்.

நான் (7.40): கேப்ஸ் லாக் விளக்கு மாறவில்லை. டார்ச் வெளிச்சத்திலும் ஒன்றும் தெரியவில்லை. எச்டிஎம்ஐ கேபிளில் தொலைக்காட்சியுடன் இணைத்தேன், அதுவும் 'சிக்னல் இல்லை' என்கிறது.

அண்ணன் (7.46): அப்படியானால் குறை திரையில் இல்லை, படம் காட்டும் கட்டத்துக்கு முன்பே கணினி நின்றுவிடுகிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மின்பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடி, பிறகு சார்ஜரைச் செருகி இயக்கு.

நான் (7.58): செய்தேன். அதே கறுப்புதான்.

அண்ணன் (8.03): சித்தப்பா, பாம்பனிலிருந்து வர முடியுமா? படகு பேட்டரியின் வோல்ட் அளக்க வைத்திருக்கும் மல்டிமீட்டரையும் சிறிய நட்சத்திர ஸ்குரூடிரைவரையும் எடுத்துவாருங்கள்.

சித்தப்பா (10.30): வந்து பின்மூடியைக் கழற்றிவிட்டேன். ஜன்னலோரம் வைத்திருக்கிறார்கள், கடலிலிருந்து வரும் கச்சான் காற்று நேராக உள்ளே போயிருக்கிறது. ரேம் என்கிற நினைவகப் பலகையின் பொன்னிறப் பற்களில் மங்கலாக ஒரு படலம் தெரிகிறது. எஞ்சின் டெர்மினலில் உப்புப் பூப்பதைத் தினமும் பார்க்கிறவனுக்கு இது புதிதில்லை. அழிப்பானால் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ரேமைத் திரும்பச் செருகட்டுமா?

அண்ணன் (10.34): மெதுவாகத் தேய்த்துச் செருகுங்கள், ஆனால் அதை மட்டும் செய்து ஒருமுறை இயக்கிப் பாருங்கள். இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்தால் எது தீர்த்தது என்று தெரியாமல் போகும்.

சித்தப்பா (10.52): ரேமால் மாற்றம் இல்லை. பலகையின் ஓரத்தில் காசு வடிவ பேட்டரி ஒன்று இருக்கிறது; மீட்டர் 1.9 வோல்ட் காட்டுகிறது.

அண்ணன் (10.55): அதைத்தான் தேடினேன். அது சிஆர்2032, 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள 3 வோல்ட் செல். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காத்து நிற்பது அதுதான். பெரிய பேட்டரியும் தீர்ந்து, இதுவும் தளர்ந்திருந்ததால், அந்த அமைப்புகள் குழம்பியிருக்கலாம். புதிய மாடல்கள் பலவற்றில் அமைப்புகள் வேறு சிப்பில் இருப்பதால் செல்லைக் கழற்றுவது மட்டும் போதாது, ஆனால் நம்முடையது பழையது. பெரிய பேட்டரியின் இணைப்பைப் பிரித்து, செல்லை எடுத்து, மின்பொத்தானை 30 விநாடி அழுத்தி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். செல் ஒயருடன் வருகிறதா, குழியில் உட்காருகிறதா?

சித்தப்பா (10.57): குழியில்தான் உட்காருகிறது. கடிகாரக் கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

நான் (11.50): புதிய செல் போட்டு இயக்கினோம். இன்னும் கறுப்புதான் அண்ணே. தானே அணைந்து தானே மறுபடி எழுந்தது. அணைத்துவிடவா?

அண்ணன் (11.51): தொடாதே! ரீசெட்டுக்குப் பிறகு முதல் தடவை நினைவகத்தைப் புதிதாகச் சோதிப்பதால் சில நிமிடம் திரை வராமலே இருக்கலாம், இரண்டொரு முறை தானே அணைந்து எழவும் செய்யலாம். இந்த இடத்தில் பொறுமை இழந்து பொத்தானை அழுத்திவிட்டு, ரீசெட் பலிக்கவில்லை என்று பலர் கடைக்குத் தூக்கிப் போகிறார்கள்.

அத்தை (11.53): நானும் அழுத்தத்தான் சொல்லியிருப்பேன்.

நான் (11.55): வந்துவிட்டது! தேதியும் நேரமும் தவறு என்று எழுதியிருக்கிறது, 2019 ஜனவரி 1 என்று காட்டுகிறது.

அண்ணன் (11.57): சரியான தேதியைப் போட்டுவிடு, தவறான தேதியோடு இருந்தால் வங்கித் தளம்கூடப் பாதுகாப்புப் பிழை காட்டி உள்ளே விடாது. பிறகு சேமித்து வெளியே வா. விண்டோஸில் கோப்புகளைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவி கேட்டால் பயப்படாதே, ரீசெட்டுக்குப் பிறகு அது கேட்பது உண்டு. கைப்பேசியில் உன் மைக்ரோசாப்ட் கணக்கைத் திறந்தால் அங்கே இருக்கும்.

நான் (12.20): கேட்டது. நான் பார்த்துச் சொல்லச் சொல்ல, சித்தப்பா ஒவ்வோர் இலக்கமாகத் தட்டினார். ஒரு 8-ஐ 3 என்று படித்ததால் முதல் தடவை திறக்கவில்லை. இப்போது விண்டோஸ் வந்துவிட்டது, கோப்புகள் எல்லாம் இருக்கின்றன.

அம்மா (12.22): சாயங்கால பஸ்ஸில் ஏற்ற வேண்டிய நாற்றுக் கட்டு எத்தனை என்று முதலில் பார்த்துச் சொல்லம்மா.

நான் (12.24): பன்னிரண்டு கட்டு அம்மா. அதைத் தாளிலும் எழுதி வைத்துவிட்டேன்; கணினியை ஜன்னலோரத்திலிருந்து உள் அறை மேசைக்கு மாற்றிவிட்டேன்.