ஐஸ் (ICE, அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறை) ஹோல்டு இருக்கும்போது பெயில் கட்டலாமா? டெக்சஸில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் ரூம்மேட்டின் தம்பி, குடித்துவிட்டு கார் ஓட்டிய வழக்கில் டெக்சஸில் ஒரு கவுண்டி ஜெயிலில் இருக்கிறான். படிப்பை விட்டதில் மாணவர் விசா தகுதியும் போய்விட்டது. பெயில் பணம் புரட்டிவிட்டோம். ஆனால் பாண்ட் ஏஜென்ட் (கட்டணம் வாங்கிக்கொண்டு பெயிலுக்கு உத்தரவாதம் தருபவர்), “ஐஸ் ஹோல்டு போட்டிருக்காங்க, கட்டினாலும் வெளியே வரமாட்டார்” என்கிறார்.

தேடிப் படித்ததில் புரிந்தது இது. ஐஸ் ஹோல்டு போட, ஐ-247ஏ என்ற படிவத்தை ஐஸ் ஜெயிலுக்கு அனுப்புகிறது. விடுவிக்க வேண்டிய நேரத்துக்கு மேல் 48 மணி நேரம் வரை பிடித்து வைக்கச் சொல்லும் கோரிக்கை அது; நீதிபதி கையெழுத்து கிடையாது. இது வேண்டுகோள்தான், கட்டளை இல்லை என்று 2014இல் கலார்சா வழக்கில் மூன்றாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் சொன்னது. ஆனால் டெக்சஸில் 2017இல் வந்த எஸ்பி 4 சட்டப்படி ஷெரிஃப் (கவுண்டி ஜெயிலை நடத்தும் அதிகாரி) அதை ஏற்றே ஆகவேண்டும். அதனால் தயவுசெய்து கலிபோர்னியா கதை சொல்லாதீர்கள், அங்கே சட்டமே வேறு.

பெயில் கட்டி அவனை ஐஸ் கொண்டுபோய்விட்டால், இந்த வழக்கின் கோர்ட் தேதிக்கு யார் அழைத்து வருவார்கள்? வராவிட்டால் பெயில் பணம் போய்விடுமா? 48 மணி தாண்டியும் ஐஸ் வரவில்லை என்றால் ஜெயிலில் யாரிடம் கேட்பது? ஜெயில் கவுன்டரில் கேட்டால் “வக்கீலிடம் கேளுங்கள்” என்பதோடு சரி.

கிரிமினல், குடியேற்றம் இரண்டும் தெரிந்த வக்கீல் யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். திங்கட்கிழமைக்குள் பெயில் முடிவு எடுக்க வேண்டும்.