டாக்கரில் போஸ்ட்கிரெஸ் ஓடுகிறது, ஆப் மட்டும் "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" என்கிறது

புதுத்திரி:

வணக்கம். டாக்கர் கம்போஸில் (பல கன்டெய்னர்களை, அதாவது தனித்தனிப் பெட்டிகளில் ஓடும் புரோகிராம்களை, ஒரே ஃபைலில் எழுதிச் சேர்த்து எழுப்பும் கருவி) இரண்டு சர்வீஸ் வைத்திருக்கிறேன். ஒன்று ஏபிஐ (என் ஆப், நோட் 20), இன்னொன்று டிபி (போஸ்ட்கிரெஸ் 16 டேட்டாபேஸ், அதிகாரப்பூர்வ இமேஜ்). லேப்டாப்பில் ஏற்கெனவே வேறொரு போஸ்ட்கிரெஸ் 5432-ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், கம்போஸ் ஃபைலில் போர்ட்ஸ் பகுதியில் 5433:5432 என்று கொடுத்தேன். லேப்டாப்பில் இருக்கும் பிஜிஅட்மினில் (டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் டூல்) லோக்கல்ஹோஸ்ட், 5433 என்று போட்டால் எந்தத் தகராறும் இல்லாமல் உள்ளே போகிறது, டேபிள்கள் எல்லாம் தெரிகின்றன. ஏபிஐயின் என்விரான்மென்டிலும் அதே லோக்கல்ஹோஸ்ட், 5433-தான் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஏபிஐ கன்டெய்னர் மட்டும் எழுந்ததுமே "கனெக்ட் ஈகான்ரெஃப்யூஸ்ட் ::1:5433" என்றும் கூடவே "கனெக்ட் ஈகான்ரெஃப்யூஸ்ட் 127.0.0.1:5433" என்றும் துப்பிவிட்டு விழுந்துவிடுகிறது.

செய்து பார்த்தவை: ஃபயர்வாலை மொத்தமாக நிறுத்தினேன். போஸ்ட்கிரெஸ் கான்ஃபிக்கில் லிசன் அட்ரஸஸ் என்பதில் நட்சத்திரம் (எல்லா முகவரியிலும் கேள்) போட்டேன். யார் எங்கிருந்து உள்ளே வரலாம் என்று சொல்லும் பிஜி ஹெச்பிஏ ஃபைலின் கடைசியில் எல்லா ஐபிக்கும் டிரஸ்ட் என்று ஒரு வரி சேர்த்தேன். டாக்கரையே அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்தேன். எரர் ஓர் எழுத்துகூட மாறவில்லை. டேட்டாபேஸ் ஓடுகிறது, பிஜிஅட்மினுக்குக் கிடைக்கிறது, ஏபிஐக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? மண்டை காய்கிறது.

இரவுப்பூச்சி:

எல்லா இடத்திலும் 0.0.0.0 போட்டுப் பாருங்கள். எனக்கு எப்போதும் அதுதான் கைகொடுத்திருக்கிறது.

மூன்றாம்_லேயர்:

மேலே சொன்னதைச் செய்யாதீர்கள். காரணம் கடைசியில்.

உங்கள் எரரிலேயே பாதி பதில் இருக்கிறது. அது எந்த முகவரிக்குப் போய்த் திரும்பியது என்று பாருங்கள்: 127.0.0.1, போர்ட் 5433. அடுத்து, அந்த எரரை எழுதியது யார்? ஏபிஐ கன்டெய்னருக்குள் ஓடும் நோட். அப்படியானால் அந்த 127.0.0.1 உங்கள் லேப்டாப் இல்லை, அந்தக் கன்டெய்னரேதான். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ், அதாவது தனி நெட்வொர்க் உலகம் உண்டு, லூப்பேக்கும் (தன்னையே குறிக்கும் 127.0.0.1) தனி. ஏபிஐ கன்டெய்னர் தன்னிடமே 5433-இல் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறது, அங்கே நோடைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது, அதனால் கெர்னலே உடனடியாக ஆர்எஸ்டி (இணைப்பை மறுக்கும்) பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறது. போஸ்ட்கிரெஸுக்கு இந்த விஷயம் தெரியவே தெரியாது. சந்தேகமிருந்தால் போஸ்ட்கிரெஸில் லாக் கனெக்‌ஷன்ஸ் என்ற செட்டிங்கை ஆன் செய்துவிட்டு லாகைப் பாருங்கள், பிஜிஅட்மின் வந்து போனது பதிவாகும், ஏபிஐ வந்ததற்கான தடயமே இருக்காது.

இதனால்தான் நீங்கள் மாற்றிய எதுவும் எரரை அசைக்கவில்லை. ஃபயர்வால், லிசன் அட்ரஸஸ், ஹெச்பிஏ எல்லாமே பாக்கெட் டேட்டாபேஸை நோக்கிக் கிளம்பிய பிறகு வேலைக்கு வருபவை. உங்கள் பாக்கெட் வீட்டை விட்டே கிளம்பவில்லை. (அதிகாரப்பூர்வ இமேஜில் லிசன் அட்ரஸஸ் ஏற்கெனவே நட்சத்திரமாகத்தான் இருக்கும், அதையும் தொட்டிருக்க வேண்டியதில்லை.)

சரி, தீர்வு. ஏபிஐயின் என்விரான்மென்டில் ஹோஸ்ட் என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்டை எடுத்துவிட்டு, கம்போஸில் டேட்டாபேஸுக்கு வைத்திருக்கும் சர்வீஸ் பெயரை, அதாவது டிபி என்பதைப் போடுங்கள். கம்போஸ் தானாகவே ஒரு நெட்வொர்க் உருவாக்கி இரண்டையும் அதில் சேர்த்திருக்கும், அதற்குள் 127.0.0.11 என்ற முகவரியில் டாக்கரின் டிஎன்எஸ் இருந்துகொண்டு சர்வீஸ் பெயரை ஐபியாக மாற்றிக் கொடுக்கும். போர்ட் 5432. 5433 இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள்: 5433:5432 என்பதில் இடது பக்கம் ஹோஸ்ட் மெஷினுக்கு மட்டும். கன்டெய்னருக்குக் கன்டெய்னர் பேசும்போது அந்த மேப்பிங் கணக்கிலேயே வராது, நேராக உள்ளே இருக்கும் போர்ட்தான்.

0.0.0.0 விஷயம். அது கேட்கும் பக்கத்துக்கான முகவரி: "என்னிடம் இருக்கும் எல்லா இன்டர்ஃபேஸிலும் கேள்" என்று சர்வருக்குச் சொல்வது. கிளையன்ட் போய்ச் சேரும் இலக்காகப் போட வேண்டியது இல்லை. லினக்ஸில் அப்படிப் போட்டாலும் பெரும்பாலும் லூப்பேக்குக்கே போகும், ஆக இங்கே அதே எரர்தான் திரும்பவும் வரும். ஹெச்பிஏவில் போட்டால் இன்னும் மோசம், டிரஸ்ட் என்றால் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விடு என்று அர்த்தம். உங்கள் அதிர்ஷ்டம், அந்த ஃபைல் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், பொருந்தும் முதல் வரியே முடிவு. அதிகாரப்பூர்வ இமேஜ் எல்லா ஹோஸ்டுக்கும் பாஸ்வேர்டு கேட்கும் வரி ஒன்றைத் தானே எழுதி வைத்திருக்கும், உங்கள் வரி அதற்குக் கீழே இருப்பதால் வெறும் அலங்காரம். எடுத்துவிடுங்கள். ஃபயர்வாலையும் திரும்ப ஆன் செய்யுங்கள்.

மஞ்சள்_டெர்மினல்:

மேலே சொன்னது சரி. கூடுதலாக ஒன்று, ஏன் ::1, 127.0.0.1 என இரண்டும் வருகின்றன என்று சிலர் யோசிக்கலாம். லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்கு ஐபிவி6 முகவரியும் உண்டு, ஐபிவி4 முகவரியும் உண்டு. நோட் 17 வருவதற்கு முன்பு ஐபிவி4-ஐ முன்னால் தள்ளிக் கொடுத்துவிடும், 17-இலிருந்து ஆப்பரேட்டிங் சிஸ்டம் எந்த வரிசையில் கொடுக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்கிறது. பல மெஷின்களில் ::1 முதலில் வரும், சர்வரோ 127.0.0.1-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும், நேற்று வரை ஓடிய கோட் நோடை அப்டேட் செய்ததும் ரெஃப்யூஸ்ட் என்று சொல்லத் தொடங்கும். நோட் 20-இல் ஒன்று கிடைக்காவிட்டால் அடுத்ததை முயலும் ஏற்பாடு இயல்பாகவே ஆன், அதனால்தான் உங்களுக்கு இரண்டு வரிகள்.

மைஎஸ்கியூஎல் பக்கம் இருப்பவர்களுக்கு இதே பெயர் வேறு விதமாக வேலை வைக்கும். லினக்ஸில் அதன் கிளையன்டிடம் லோக்கல்ஹோஸ்ட் என்று சொன்னால் டிசிபியே கிடையாது, யூனிக்ஸ் சாக்கெட் ஃபைலைத் தேடிப் போகும். டேட்டாபேஸ் டாக்கரில் இருந்தால் அந்த ஃபைல் உங்கள் மெஷினில் இருக்காது, "சாக்கெட் மூலமாக இணைக்க முடியவில்லை" என்று வரும். 127.0.0.1 என்று எண்ணாகக் கொடுத்தால் 3306-க்கு ஒழுங்காகப் போய்விடும்.

புதுத்திரி:

ஹோஸ்ட் டிபி, போர்ட் 5432 என்று மாற்றினேன். எரர் மாறிவிட்டது! இப்போது "பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெயில்ட் ஃபார் யூசர்" என்கிறது. ஆனால் கம்போஸ் ஃபைலில் போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டு என்ற வேரியபிளிலும் ஏபிஐயின் என்விரான்மென்டிலும் ஒரே பாஸ்வேர்டுதான் இருக்கிறது, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். பிஜிஅட்மின் இன்னமும் உள்ளே போகிறது.

மூன்றாம்_லேயர்:

நல்ல செய்தி. இந்த எரரைச் சொல்வது போஸ்ட்கிரெஸ், அப்படியென்றால் நெட்வொர்க் வேலை முடிந்தது.

நடுவில் எப்போதாவது கம்போஸில் பாஸ்வேர்டை மாற்றினீர்களா? அந்த வேரியபிளை இமேஜ் படிப்பது டேட்டா டைரக்டரி காலியாக இருக்கும் முதல் முறை மட்டுமே. வால்யூமில் (கன்டெய்னர் போனாலும் டேட்டா தங்கும் இடம்) ஏற்கெனவே டேட்டாபேஸ் இருந்தால் அதைக் கண்டுகொள்ளாது, பழைய பாஸ்வேர்டுதான் செல்லும். பிஜிஅட்மின் உள்ளே போவதற்குக் காரணம் அது பழைய பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். டாக்கரை அழித்துப் போட்டீர்கள் என்றாலும் லினக்ஸில் பேக்கேஜை நீக்கினால் வால்யூம்கள் போகாது, டிஸ்கில் அப்படியே கிடக்கும்.

டேட்டா முக்கியம் என்றால் பிஜிஅட்மின் வழியாகப் போய் ஆல்ட்டர் யூசர் கொடுத்துப் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள். வெறும் சோதனை டேட்டாதான் என்றால் கம்போஸ் டவுனை வி ஆப்ஷனோடு கொடுத்து வால்யூமையும் சேர்த்து அழித்துவிட்டு மறுபடி எழுப்புங்கள். எது என்று யோசித்துவிட்டு என்டர் தட்டுங்கள், அந்த வி திரும்ப எதையும் கேட்காது.

புதுத்திரி:

ஆமாம், மாற்றியிருந்தேன். வால்யூமை அழித்துவிட்டு எழுப்பினேன், ஏபிஐ மறுபடி ரெஃப்யூஸ்ட் என்று விழுந்தது, இந்த முறை முகவரி 172.18.0.2:5432. கடுப்பில் ஏபிஐயை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது! டிபெண்ட்ஸ் ஆனில் டிபியைக் கொடுத்துத்தான் இருக்கிறேன்.

மஞ்சள்_டெர்மினல்:

முகவரியும் போர்ட்டும் சரியாக இருக்கின்றன, ஆளும் அங்கேயேதான் இருக்கிறார், இன்னும் கேட்க ஆரம்பிக்கவில்லை. வெறும் டிபெண்ட்ஸ் ஆன் என்பது கன்டெய்னர் ஸ்டார்ட் ஆவதற்கு மட்டும்தான் காத்திருக்கும், உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் தயாராவதற்கு இல்லை. காலி வால்யூமில் முதல் முறை எழும்போது இனிஷியலைஸ் செய்ய நேரமாகும், நோட் அதற்குள் வந்து மோதிவிடும்.

டிபி சர்வீஸுக்கு ஹெல்த்செக் ஒன்று கொடுங்கள், அதில் போஸ்ட்கிரெஸ் தயாரா என்று கேட்கும் பிஜி இஸ்ரெடி கமாண்ட். பிறகு டிபெண்ட்ஸ் ஆனில் கண்டிஷனாக சர்வீஸ் ஹெல்தி என்று போடுங்கள். ஒரு சின்ன நெளிவு இருக்கிறது: முதல் முறை இமேஜ் ஒரு தற்காலிக சர்வரை எழுப்பி, யூசர், டேட்டாபேஸ் எல்லாம் உருவாக்கிவிட்டு, அதை நிறுத்திவிட்டு நிஜ சர்வரை எழுப்பும். அந்தத் தற்காலிக சர்வர் டிசிபியில் கேட்காது, யூனிக்ஸ் சாக்கெட்டில் மட்டும் இருக்கும். பிஜி இஸ்ரெடியை ஹோஸ்ட் கொடுக்காமல் ஓட்டினால் அது சாக்கெட் வழியே போய்ப் பார்த்து "தயார்" என்று சொல்லிவிடும், ஏபிஐ கிளம்பி வந்து மறுபடி அடி வாங்கும். ஹெச் ஆப்ஷனில் 127.0.0.1 கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இதெல்லாம் போக, ஏபிஐ கோடிலேயே கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மறுபடி முயலும் வசதி இருக்க வேண்டும். ஹெல்த்செக் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும்தான் உதவும், நடுராத்திரியில் டேட்டாபேஸ் ரீஸ்டார்ட் ஆனால் என்ன செய்வீர்கள்?

கடைசிப்பாக்கெட்:

இதே திரியில் கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு ரெஃப்யூஸ்ட் இல்லை, டைம் அவுட். கிளவுடில் ஒரு விஎம் (வர்ச்சுவல் மெஷின்), அதில் டாக்கர் இல்லாமல் நேரடியாகப் போஸ்ட்கிரெஸ். வீட்டிலிருந்து 5432-க்கு இணைக்க முயன்றால் ரொம்ப நேரம் சும்மா நின்றுவிட்டு அப்புறம் டைம் அவுட் என்கிறது. விஎம்முக்குள் எஸ்எஸ்ஹெச் போட்டு (தொலைவிலிருந்து லாகின் செய்து) போஸ்ட்கிரெஸின் பிஎஸ்கியூஎல் கிளையன்டை ஓட்டினால் வருகிறது. நானும் லிசன் அட்ரஸஸில் நட்சத்திரம் போட்டுப் பார்த்தேன்.

மூன்றாம்_லேயர்:

ரெஃப்யூஸ்டும் டைம் அவுட்டும் முற்றிலும் வேறு வியாதிகள். ரெஃப்யூஸ்ட் என்பது போன் செய்ததும் "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்று கேட்பது போல, பெரும்பாலும் அந்த மெஷினே பதில் சொல்லிவிட்டது. டைம் அவுட்டில் எதிர்முனையிலிருந்து சத்தமே இல்லை. லினக்ஸ் இயல்பாக எஸ்ஒய்என் பாக்கெட்டை (இணைப்பு கேட்கும் முதல் பாக்கெட்) பல முறை திரும்ப அனுப்பிப் பார்க்கும், போகப்போகக் காத்திருக்கும் நேரம் கூடும், மொத்தம் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். நீங்கள் சொல்லும் "ரொம்ப நேரம்" இதுதான், கிளையன்டில் தனியாக டைம் அவுட் வைத்திருந்தால் அதற்கு முன்பே விட்டுவிடும்.

உங்கள் விஷயத்தில் கிளவுடின் செக்யூரிட்டி குரூப்போ விஎம்மின் ஃபயர்வாலோ பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது. நிச்சயப்படுத்த விஎம்மில் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை போர்ட் 5432-க்கு ஓட்டிவிட்டு வீட்டிலிருந்து முயலுங்கள். ஒன்றுமே வரவில்லையா, விஎம்முக்கு வெளியே தடை. எஸ்ஒய்என் வருகிறது, பதில் மட்டும் போகவில்லையா, விஎம்முக்குள் இருக்கும் ஃபயர்வால். சிலருக்கு மூன்றாவதாக "நோ ரூட் டு ஹோஸ்ட்" என்று வரும், பெயரைப் பார்த்துவிட்டு ரவுட்டரைக் குடையாதீர்கள், லினக்ஸின் ஃபயர்வால்டி என்ற ஃபயர்வால் தடுக்கும்போதும் இதே எரர் வரும்.

நட்சத்திரம் போட்டீர்களே, அதற்குப் பிறகு ரீஸ்டார்ட் செய்தீர்களா? ஹெச்பிஏ மாற்றத்துக்கு ரீலோட் போதும், லிசன் அட்ரஸஸுக்குப் போதாது. எஸ்எஸ் கமாண்டை எல், டி, என், பி ஆப்ஷன்களோடு ஓட்டினால் 127.0.0.1:5432 என்று இருக்கிறதா 0.0.0.0:5432 என்று இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஆனாலும் ஒரு கேள்வி. 5432-ஐ உலகத்துக்கே ஏன் திறக்க வேண்டும்? எஸ்எஸ்ஹெச் ஏற்கெனவே வேலை செய்கிறது. எல் ஆப்ஷனில் 6543:127.0.0.1:5432 என்று கொடுத்து டன்னல் போட்டால், உங்கள் மெஷினில் 6543-க்குப் போனால் அங்கே இருக்கும் 5432-க்குப் போய்ச் சேரும், ஃபயர்வாலையும் தொட வேண்டாம், நட்சத்திரத்தையும் எடுத்துவிடலாம்.

இரவுப்பூச்சி:

யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 5432-ஐ மூடிவிட்டால் 0.0.0.0 போட்டாலும் பாதுகாப்புதானே? எதற்கு இவ்வளவு பயம்?

மூன்றாம்_லேயர்:

நேரடியாக இன்ஸ்டால் செய்த போஸ்ட்கிரெஸுக்குச் சரி. டாக்கரில் அது நடக்காது. டாக்கர் பப்ளிஷ் செய்யும் போர்ட்டுக்கு அதுவே ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் பாக்கெட் விதிப் பட்டியல்) தனி விதிகள் எழுதிக்கொள்கிறது, அந்தப் பாக்கெட் யூஎஃப்டபிள்யூ காவல் காக்கும் இன்புட் செயின் பக்கமே வராமல் ஃபார்வர்டு வழியாகக் கன்டெய்னருக்குப் போய்விடும். யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸில் எல்லாம் மூடியிருப்பதாகக் காட்டும், வெளியிலிருந்து போர்ட் திறந்தே இருக்கும். புதுத்திரி, உங்களுக்கும் இது பொருந்தும்: கம்போஸில் 5433:5432 என்பதை 127.0.0.1:5433:5432 என்று மாற்றிவிடுங்கள். பிஜிஅட்மினுக்கு வித்தியாசம் தெரியாது, ஏபிஐக்கு அந்த வரியே தேவையில்லை.

புதுத்திரி:

மாற்றிவிட்டேன். ஹெல்த்செக்கும் போட்டாயிற்று, வால்யூமை அழித்து முதலிலிருந்து எழுப்பிப் பார்த்தேன், ஏபிஐ பொறுமையாகக் காத்திருந்து இணைகிறது. எல்லாருக்கும் நன்றி. ஏபிஐயிலிருந்து லேப்டாப்பில் நேரடியாக ஓடும் அந்தப் பழைய போஸ்ட்கிரெஸுக்கும் போக வேண்டும் என்றால் ஹோஸ்ட் என்ன கொடுப்பது?

மஞ்சள்_டெர்மினல்:

ஹோஸ்ட் டாட் டாக்கர் டாட் இன்டர்னல். டாக்கர் டெஸ்க்டாப்பில் அப்படியே கிடைக்கும். லினக்ஸில் வெறும் எஞ்சின் என்றால் கம்போஸில் எக்ஸ்ட்ரா ஹோஸ்ட்ஸ் பகுதியில் அந்தப் பெயருக்கு ஹோஸ்ட் கேட்வே என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், டாக்கர் 20.10-இலிருந்து இந்த வசதி இருக்கிறது. அப்படிச் சேர்த்த பிறகு முதலில் வரப்போவதும் ரெஃப்யூஸ்டாகத்தான் இருக்கும், ஏனென்றால் அந்தப் பழைய போஸ்ட்கிரெஸ் இயல்பாக லோக்கல்ஹோஸ்டில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். லிசன் அட்ரஸஸில் டாக்கர் பிரிட்ஜின் ஐபியைச் சேர்த்து ரீஸ்டார்ட், ஹெச்பிஏவில் கம்போஸ் நெட்வொர்க்கின் சப்நெட்டுக்கு (ஐபி வரம்பு) மட்டும் ஸ்கிராம் (பாஸ்வேர்டு கேட்கும் முறை) என்று ஒரு வரி, லேப்டாப் ஃபயர்வாலில் அந்த சப்நெட்டுக்கு 5432.