மேனுவல்ல இருந்து டிசிடிக்கு மாறிட்டேன், இடது கால் இன்னும் கிளட்ச தேடுது

பழையகியர்:
பதினோரு வருஷமா மேனுவல் மட்டும்தான். மூணு வாரம் முன்னாடி 7 கியர் டிசிடி (ரெண்டு கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக்) வண்டி எடுத்தேன். வேகமா போறப்ப குறையே இல்ல, கியர் மாறுறதே தெரியல. மெதுவா போறப்பதான் உயிர வாங்குது. டிராஃபிக்ல ஊர்ந்து போனா முன்ன தள்ளி பின்ன இழுத்து குலுங்குது, ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல அல்லாடுது. ஏத்தத்துல நின்னா பின்னாடி உருண்டுடுமோன்னு பயத்துல ஆக்ஸிலேட்டர லேசா மிதிச்சே வண்டிய நிப்பாட்டி வைக்கிறேன். முந்தலாம்னு அமுக்கினா ஒரு செகண்ட் யோசிச்சுட்டுதான் கிளம்புது. இதெல்லாம் கூட பரவால்ல, நேத்து சிக்னல் கிட்ட வந்தப்ப பழக்கதோஷத்துல இடது காலால கிளட்ச்னு நெனச்சு பிரேக்க ஒரே மிதி!! எல்லாரும் பெல்ட் போட்டிருந்ததால தப்பிச்சோம், வீட்ல திட்டு இன்னும் ஓயல. வண்டில கோளாறா, இல்ல எனக்குதான் ஓட்ட தெரியலயா?

மெக்கானிக்கல்மண்டை:
கோளாறு மாதிரி தெரியல ப்ரோ. பெடல்தான் போச்சு, கிளட்ச் போகல, அதுவும் இப்ப ரெண்டு இருக்கு. ஒண்ணு 1, 3, 5, 7 கியருக்கு, இன்னொண்ணு 2, 4, 6க்கு. நீங்க மூணுல போறப்பவே நாலாவது ரெடியா மாட்டியிருக்கும், ஒரு கிளட்ச் விட விட இன்னொண்ணு புடிச்சுக்கும், அதான் வேகத்துல ஒண்ணும் தெரியல. ஆனா கிளம்புறதும் ஊர்றதும் நம்ம அரை கிளட்ச் கதையேதான். டார்க் கன்வர்ட்டர் வச்ச சாதாரண ஆட்டோமேட்டிக் வண்டில ஆயில் தாங்கிக்கிற வேலைய இங்க பிளேட் உரசி உரசி செய்யுது. அதனால ஏத்தத்துல ஆக்ஸிலேட்டர்ல நிப்பாட்டுறத இன்னைக்கே விட்டுடுங்க, மேனுவல்ல அப்படி செஞ்சா கிளட்ச் கருகுற வாட வருமே அதே கூத்துதான், டிரை கிளட்ச்சா (ஆயில்ல மூழ்காத வகை) இருந்தா சூடு இன்னும் சீக்கிரம் ஏறும். பிரேக்லயே நில்லுங்க, ஆட்டோ ஹோல்ட் (நின்னதும் பிரேக்க அதுவே புடிச்சு வைக்கிறது) இருந்தா போட்டு வைங்க. ஹில் ஹோல்ட் (ஏத்தத்துல பிரேக்ல இருந்து கால எடுத்ததும் கொஞ்ச நேரம் புடிக்கிறது) மட்டும்தான் இருக்குன்னா அது பொதுவா ரெண்டு செகண்ட் மாதிரிதான் புடிக்கும், அதுக்குள்ள கால் ஆக்ஸிலேட்டருக்கு வந்துடணும்.

நிதானம்:
சிக்னலுக்கு சிக்னல் நியூட்ரல் போடுங்க, கிளட்ச் நிறைய நாள் வரும். நான் அப்படித்தான்.

மெக்கானிக்கல்மண்டை:
@நிதானம் அண்ணே அது தேவையில்ல. பிரேக்க நல்லா அமுக்கி நின்னா அதுவே கிளட்ச கழட்டி விட்டுடும். ரொம்ப நேரம் நிக்கணும்னா போட்டுக்கோங்க, தப்பில்ல. ஆனா இறக்கத்துல நியூட்ரல்ல உருட்டுறது மட்டும் வேணவே வேணாம், என்ஜின் பிரேக்கிங் சுத்தமா போயிடும். நீளமான இறக்கம்னா மேனுவல் மோடு போட்டு ரெண்டோ மூணோ வச்சு இறங்குங்க.

ரெண்டாவதுகியர்:
நானும் இதே கஷ்டத்துல ஒரு மாசம் கெடந்தவன். டிராஃபிக்ல முன் வண்டி ஒரு முழம் நகர்ந்தா நாமளும் ஒரு முழம் நகர்றது மேனுவல்காரன் புத்தி. கொஞ்சம் இடைவெளி விடுங்க, நாலஞ்சு மீட்டர் சேர்ந்ததும் பிரேக்ல இருந்து காலை முழுசா எடுத்து வண்டிய தானா ஓட விடுங்க. பிரேக்ல பாதி கால் வச்சுக்கிட்டே ஊர்ந்தா கிளட்ச் புடிக்கவா விடவான்னு தெரியாம முழிக்கும், குலுங்குறது அங்கதான். நடுவுல எவனாவது மூக்க நுழைப்பான், நுழைஞ்சுட்டு போகட்டும்.

முந்துறப்ப வர்ற தயக்கத்துக்கு காரணம், நீங்க சீரா போறத பார்த்து அது மேல் கியர தயாரா வச்சிருக்கும், திடீர்னு அமுக்கினா கணக்கு மாறிடுது. அதுலயும் ஆறுல இருந்து நாலுக்கு இறங்கணும்னா ரெண்டும் ஒரே கிளட்ச் பக்கத்து ஆளுங்க, இன்னும் கொஞ்சம் நேரம் புடிக்கும். டர்போ வண்டின்னா டர்போ வேகம் புடிக்கிற தாமதமும் (லேக்) சேர்ந்துக்கும். அதனால முந்த போறதுக்கு முன்னாடியே ஸ்டீயரிங் பின்னாடி இருக்கற பேடில்ல ஒரு கியர் இறக்கிக்கோங்க, இல்லனா எஸ் (ஸ்போர்ட்) மோடு. எதிர்ல வண்டி தெரியிறப்ப அமுக்கிட்டு அது யோசிக்கிறத பார்த்துட்டு உக்காந்திருக்காதீங்க.

இடது கால டெட் பெடல்ல (ஓரமா கால் வைக்கிற மேடை) ஊனி வைங்க, இல்ல சீட் பக்கமா மடக்கிக்கோங்க. நான் முத ரெண்டு வாரம் இடது கால் ஷூ லேச மட்டும் இறுக்கமா கட்டி வச்சேன், கால் நகர்ந்தாலே ஞாபகம் வரட்டும்னு. சிரிக்காதீங்க, வேலை செஞ்சுது.

பழையகியர்:
எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு காலைல இடைவெளி விட்டு ஓட்டி பார்த்தேன், முக்கால்வாசி குலுங்கல் போச்சு, பின்னாடி ஹாரன் சத்தம்தான் கூடிடுச்சு. இன்னொண்ணு, சரிவுல பார்க் பண்ணிட்டு திரும்ப எடுக்கறப்ப P-ல இருந்து கழட்டினா டொக்குன்னு சத்தம் வருது, அது என்ன?

ரெண்டாவதுகியர்:
வண்டி எடை மொத்தமும் உள்ள இருக்கற சின்ன கொக்கி மேல தொங்குது, அதான். பிரேக்க மிதிச்சுட்டே நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்க லேசா விட்டு வண்டி ஹேண்ட் பிரேக்ல உக்காந்துடுச்சான்னு பாருங்க, அப்புறமா P. வரிசை மாறக்கூடாது. லேஸ் கட்டுனீங்களா?