டானஜரின் சிவப்பு: சாப்பாடா, மேக்கப்பா?

கூட்டுக்காரன்: கோஸ்டா ரிக்காவில் இருக்கும் செம்முதுகு டானஜர் என்ற சின்னப் பறவையில் ஆணின் படத்தைப் பார்த்திருப்பீர்கள், உடம்பெல்லாம் கரி, வாலுக்கு மேலே மட்டும் நெருப்புச் சிவப்பு. அந்தச் சிவப்பைத் தரும் கரோட்டினாய்டு நிறமியைப் பறவையால் சொந்தமாகத் தயாரிக்க முடியாது, பழமோ பூச்சியோ தின்றுதான் சேர்க்க வேண்டும். ஆக, நல்ல சிவப்பு என்றால் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவன் என்று பெட்டைக்குத் தெரிந்துவிடும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

பனங்காடை: நிறைய இருக்கிறது அண்ணே. 2021-ல் ஆய்வாளர் டகோட்டா மெக்காய் குழுவினர் இந்தப் பறவை சேர்ந்திருக்கும் ராம்போசீலஸ் பேரினத்து இறகுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். நிறமியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஆணின் இறகுக் கிளைகள் நீள்வட்டமாகப் பருத்து, அதே அளவு நிறமியை இன்னும் அழுத்தமான சிவப்பாகக் காட்டுகின்றன, அப்புறம் அவற்றிலிருந்து கிளம்பும் சின்ன இழைகள் பட்டைபோல நிமிர்ந்து நின்று ஒளியை விழுங்கிவிடுவதால்தான் அந்த வெல்வெட் கறுப்பு. தின்றது ஒன்றே, காட்டுவது வேறு.

கூட்டுக்காரன்: சரி, நிறமியே இல்லாமல் அந்தக் கிளைகள் எதைத் தூக்கிக் காட்டும்? மேற்கு அமெரிக்காவின் வெஸ்டர்ன் டானஜர் ஆணுக்குத் தலையில் இருக்கும் சிவப்பு ரோடோசாந்தின் என்ற கரோட்டினாய்டு, அது பூச்சி வழியாக வருகிறது. பூச்சி இல்லையென்றால் அந்தச் சிவப்பும் இல்லை.

பனங்காடை: அது வேறு பறவை, பெயர்தான் டானஜர், இப்போது கார்டினல் என்ற வேறு பறவைக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் ஆரம்பித்தது செம்முதுகைப் பற்றி. சிவப்பு சாப்பாட்டிலிருந்து வருவதை நான் எங்கே மறுத்தேன்? அதை வைத்து ஆணின் ஆரோக்கியத்தை அளக்கலாம் என்பதைத்தான் மறுக்கிறேன்.

தேன்சிட்டு: நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். அந்த இழைகளைச் சும்மாவா வளர்க்க முடியும்? உடம்பு சரியில்லாத ஆணுக்கு அவை கோணலாக முளைக்கலாமே. அப்படியென்றால் மேக்கப்பும் உண்மையைத்தான் சொல்கிறது.

பனங்காடை: முளைக்கலாம்தான். ஆனால் அதற்கு நோஞ்சான் ஆணின் இறகையும் கொழுத்த ஆணின் இறகையும் ஒரே நுண்ணோக்கியில் வைத்துக் காட்ட வேண்டும், 'லாமே' என்று முடித்தால் போதாது.

கூட்டுக்காரன்: தேன்சிட்டு சொல்வதுதான் என் கட்சியும். இழை வளரவும் தீனி வேண்டும் தம்பி, காற்றைக் குடித்தா வளரும்?