விரல் மீட்டரைப் பார்த்துப் பார்த்தே நோயாளி ஆகிவிடுவேன் போல

தோட்டத்து மல்லி, சுங்கை சிப்புட், மலேசியா (6 ஜூன் 2021)

கொரோனாவுக்காக முழு முடக்கம் தொடங்கி இன்று ஆறாவது நாள். கணவர் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். தோட்ட வேலைக்கு அனுமதி இருப்பதால் விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய்விடுவார். வீட்டில் நான், சர்க்கரை நோயுள்ள மாமியார், இரண்டு பிள்ளைகள், ஒரே ஒரு போன். காலையில் அதுதான் பள்ளிக்கூடம். மதியத்துக்கு மேல் என் கைக்கு வந்தால், வாட்ஸ்அப்பில் யார் யார் போய்விட்டார்கள் என்று பார்ப்பதே வேலை. மே 29ஆம் தேதி ஒரே நாளில் 9,020 பேருக்குத் தொற்று என்று சொன்னார்களே, அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை.

மாமியாருக்காக, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்கினோம். அதிகம் மாட்டிக்கொள்வது நான்தான். முந்தாநாள் வெளிக்குழாயில் துணி அலசிவிட்டு வந்து மாட்டினேன். 91! நெஞ்சை அடைத்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் உள்ளே வராதீர்கள் என்று பிள்ளைகளைக் கத்திவிட்டேன். சின்னவள் கதவுக்கு அடியில் ஒரு பிஸ்கட்டைத் தள்ளிவிட்டாள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 98. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, அழுகைதான் வந்தது. இதை எப்படி நிறுத்துவது? மாமியாரிடம் சொல்ல முடியாது, அவர் என்னைவிடப் பயந்தவர்.

கிளினிக் அக்கா, ஈப்போ

மல்லி, முதலில் அந்த 91. குழாய்த் தண்ணீரில் கை சில்லிட்டிருந்தால் விரலுக்கு ரத்த ஓட்டம் குறையும், மீட்டர் தடுமாறும். நகப்பூச்சும் ஏமாற்றும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எண் ஓரிடத்தில் நிற்கும்வரை பொறுங்கள். அப்படியும் 95க்குக் கீழேயே நின்றால் கிளினிக்கைக் கூப்பிடுங்கள். மூச்சு வாங்கினால் எண் எதுவானாலும் கூப்பிடுங்கள். ஒன்றுமே இல்லாதவருக்கு நாளைக்கு இருபது தடவை எதற்கு? மீட்டரை மாமியாரின் மருந்து டப்பாவில் வையுங்கள். அப்படியே அவருடைய மாத்திரையையும் எண்ணிப் பாருங்கள். கிளினிக்குக்கு வரப் பயந்து மருந்தை விட்டுவிட்டு, சர்க்கரை ஏறி வருகிறவர்களைப் பார்க்கிறேன்.

நானும் கவச உடையைக் கழற்றிவிட்டு காரில் உட்கார்ந்து அழுதவள்தான். ராத்திரியில் தாங்கவில்லை என்றால், மனம்விட்டுப் பேச பிஃபிரெண்டர்ஸ் உதவி எண், 03-7627 2929, 24 மணி நேரமும் இருப்பார்கள். தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

பால்மரத்துத் தாத்தா, சுங்கை சிப்புட்

மகளே, நான் பிறந்தது 1948. அந்த வருடம்தான் நம் ஊர்த் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டார்கள், அவசரகாலம் வந்தது, 1960 வரை இருந்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது. கேட்டில் அம்மாவின் வாளியைத் திறந்து பார்ப்பார்கள். அப்போது போன் இல்லாததும் ஒரு வகையில் நல்லதாய்ப் போயிற்று.

போன வருடம் மார்ச் 18இல் முதல் முடக்கம் வந்ததும் நான் எழும் நேரத்தை விட்டுவிட்டேன். எட்டு மணி வரை படுக்கை, டிவி முன்னால் சோறு. மூன்றாவது வாரம் என்ன கிழமை என்றே தெரியவில்லை, வீட்டுக்காரியோடு ஓயாத சண்டை. இப்போது பழையபடி நாலரைக்கு எழுகிறேன். பெரட்டும் இல்லை, கங்காணியும் இல்லை, இருந்தாலும் முகம் கழுவி, கோப்பி கலக்கி, வாசலைக் கூட்டிவிடுவேன். மாலையில் மின்னல் எஃப்எம் வானொலிச் செய்தியில் எண்ணிக்கையை ஒரு தடவை கேட்பேன். அதோடு சரி, அணைத்துவிடுவேன். பேரன் அனுப்புகிற வாட்ஸ்அப்பைத் திறப்பதே இல்லை, அவனுக்கும் அது தெரியும்.

தோட்டத்து மல்லி (9 ஜூன்)

மீட்டர் இப்போது டப்பாவில். இன்று இரண்டு தடவைதான் பார்த்தேன். சரி, பொய் எதற்கு, நான்கு தடவை.

அக்கா, நீங்கள் சொன்னபடி மாத்திரையை எண்ணினேன். தீர்ந்திருக்க வேண்டியது இன்னும் பாதி அட்டை மிச்சம். கேட்டால், கிளினிக்குக்குப் போகப் பயந்து ஒரு மாதமாகப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறாராம். எனக்குச் சொன்னால் நான் பயந்துவிடுவேன் என்று சொல்லவில்லையாம்! அவருக்குப் பதில் நான் போனால் கொடுப்பார்களா?

கிளினிக் அக்கா, ஈப்போ

போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். மருந்துப் புத்தகத்தை மறக்காதீர்கள், பாதியாகச் சாப்பிட்டதையும் மறைக்காதீர்கள். விட்டதைச் சேர்த்து இரட்டிப்பாகப் போட விடாதீர்கள்.