100 எம்பிபிஎஸ்

மாமா: மாப்பிள்ளை, இருக்கிறாயா? இந்த நெட்காரன் நம்மை நன்றாக ஏமாற்றுகிறான். 100 எம்பிபிஎஸ் என்று சொல்லித்தான் மாசாமாசம் பணம் வாங்குகிறான். லேப்டாப்பில் கல்யாண வீடியோவை இறக்கினால் 11தான் காட்டுகிறது.

பாட்டி: யாருக்குடா எம்பிபிஎஸ் கிடைத்தது? எந்தக் காலேஜ்?

சித்தி: 😂 அம்மா, டாக்டர் படிப்பு இல்லை. நெட் வேகம்.

நான்: மாமா, 11க்குப் பக்கத்தில் என்ன எழுத்து? போட்டோ அனுப்புங்கள்.

மாமா: 📷 படம்

நான்: இதில் எம்முக்கு அடுத்த பி பெரிய எழுத்து (MB). பில்லைப் பாருங்கள், சின்ன எழுத்தாக இருக்கும். சின்னது பிட், பெரியது பைட், இரண்டும் தகவலை அளக்கும் அளவு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். வாயால் சொன்னாலும் தமிழில் எழுதினாலும் இரண்டும் எம்பிதான், வம்பே அங்கேதான். 100ஐ 8ஆல் வகுங்கள்.

மாமா: 12.5. சரி, மீதி ஒன்றரை எங்கே போச்சு?

நான்: வீடியோவைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் முகவரிச் சீட்டு ஒட்டித்தான் அனுப்புவார்கள். அந்தச் சீட்டும் வழியில் இடம் பிடிக்கும். 11 வந்தால் நல்ல வேகம், மாமா.

மாமா: 4 ஜிபி வீடியோ, 40 நொடியில் முடியும் என்று உட்கார்ந்திருக்கிறேன். 6 நிமிடம் என்கிறது.

பாட்டி: ஒரு படிக்கு 8 ஆழாக்கு. அவன் ஆழாக்கில் பேசியிருக்கிறான், நீ படியால் அளந்துவிட்டுச் சண்டைக்குப் போகிறாய்.

நான்: பாட்டி 🙏 அதேதான்.

மாமா: அவனும் படியிலேயே சொல்ல வேண்டியதுதானே?

நான்: டெலிபோன் லைனில் நெட் வந்த 56கே மோடம் காலத்திலிருந்தே வயரில் போவதை பிட்டில்தான் எண்ணுகிறார்கள். நோட்டீஸில் 12.5ஐவிட 100 எடுப்பாக இருக்கும் என்பதும் உண்மை.

அத்தை: என் போனில் 4 கூடத் தாண்டவில்லை. வைஃபை பெயரில் கடைசியில் 5ஜி என்று ஒன்று இருக்கிறதாமே, அது என் போனில் வருவதே இல்லை. சிம் 4ஜி என்பதால்தானே? உங்கள் மாமா புது 5ஜி போன் வாங்கச் சொல்கிறார்.

நான்: ஐயோ, வேண்டாம் அத்தை. 2022 அக்டோபரில் இங்கே வந்த 5ஜி, செல்போன் சேவையின் ஐந்தாம் தலைமுறை. ரூட்டரில் இருப்பது 5 கிகாஹெர்ட்ஸ், அலைவரிசை. பெயர் வைத்த ஆள் ‘ஜி’ என்ற எழுத்தோடு நிறுத்திவிட்டார். உங்கள் பழைய போன் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும். வைஃபை செட்டிங்ஸில் வேகம் 72 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறதா?

அத்தை: ஆமாம், 72!

நான்: கைக்கு வருவது அதில் ஏறக்குறைய பாதி. அதையும் 8ஆல் வகுத்தால் உங்கள் 4.

சித்தி: கடையில் வைஃபை 6 என்கிறார்களே, அது?

நான்: முன்பெல்லாம் வைஃபை தலைமுறைகளுக்கு பி, ஜி, என், ஏசி, ஏஎக்ஸ் என்று எந்த வரிசைக்கும் அடங்காமல் பெயர் வைத்திருந்தார்கள். 2018இல்தான் 4, 5, 6 என்று நம்பர் போட்டார்கள். வைஃபை 6 ரூட்டரே வாங்கினாலும் அத்தை போன் வைஃபை 4தான்.

மாமா: நம் ரூட்டர் பெட்டியில் 1200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே!

நான்: 2.4க்கு 300, 5க்கு 867. இரண்டையும் கூட்டி, கொஞ்சம் மேலே ஏற்றி 1200. அதே பெட்டியில் போர்ட், அதாவது வயர் செருகும் துளை, என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது?

மாமா: 10/100.

நான்: அப்படியென்றால் எந்த பிளான் போட்டாலும் 100க்கு மேல் ரூட்டருக்குள் நுழையாது.

மாமா: இப்போதுதான் போன் போட்டு 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாற்றச் சொன்னேன்.

நான்: மறுபடி போடுங்கள்.

அத்தை: போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பாட்டு ஓடுகிறது, ஆள் வரவில்லை.

பாட்டி: வீடியோ இறங்கிவிட்டதா இல்லையா?

அத்தை: எப்போதோ இறங்கிவிட்டது அத்தை. பார்த்துக்கொண்டிருக்கிறேன். தாலி கட்டும்போது நீங்கள் முன்வரிசையில் தூங்குகிறீர்கள்.